தேயிலை மலையும் சிறுத்தையும்



மலையகத்தைப் பற்றிப் பேசுவோர் தேயிலையைப் பற்றிப் பேசுவர். தேயிலையை வளர்த்த மக்களைப் பற்றியும் பேசுவர். மனிதர் வருமுன்னரே அங்குக் குடியிருந்த பெருவிலங்குகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் சிறுத்தையைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுவரெலியா மலைகளில் யானைகள் உலவின. கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்ட காலத்தில், யானையைச் சுடுவது வீரச் செயலாகக் கருதப்பட்டது. மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறுவர். 1845ஆம் ஆண்டு மின்னல் தாக்கி அவர் மாண்டார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கின்றது. யானைக் கூட்டங்கள்தாம் இல்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை மலையெங்கும் பரவிற்று. தாவரவியல் அறிஞர் ஹூக்கர் 1873இல் கூறிய ஆலோசனையின்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென்று விதிக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளி போன்ற உயர்வனங்கள் பிழைத்தமைக்கு அவ்விதியும் ஒரு காரணமாகும்.

அவ்வனங்கள் இன்று தேயிலைக் கடலின் நடுவே தீவுகளைப் போல நிற்கின்றன. சிறுத்தையோ ஒரு தீவில் அடங்கி வாழும் விலங்கன்று. இரை தேடியும் துணை தேடியும் அது நெடுந்தூரம் நடக்கும். ஓடைக்கரைப் புதர்கள், விறகுக்காக வளர்த்த யூக்கலிப்டஸ் தோப்புகள், தேயிலைச் செடிகளின் நிழல் ஆகியவையே அதற்குப் பாதை. இலங்கையில் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பது மதிப்பீடு. அவற்றுள் ஒரு பகுதி, காவற்காடுகளுக்கு வெளியே, நம் மக்கள் கொழுந்து பறிக்கும் மலைகளிலேயே நடமாடுகின்றது.

ஆகவே, சிறுத்தையின் வாழ்விடத்தைக் காக்கும் பொறுப்பு வனத்துறையோடு முடிவதில்லை. தோட்டங்களுக்கும் அதில் பங்குண்டு. இதனை உணர்ந்தே, அஞ்சலி வொட்சனும் அன்ட்ரூ கிட்டிலும் நிறுவிய வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை, தேயிலை நிறுவனங்களோடு கைகோத்துப் பணியாற்றி வருகின்றது. காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடுத்த டன்கெல்ட் தோட்டத்தில் தில்மா நிறுவனத்தின் துணையோடு சிறுத்தை ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்துள்ளது. தானியங்கிக் கமராக்களின் வாயிலாகச் சிறுத்தைகள் செல்லும் வழிகள் அறியப்படுகின்றன. எந்த ஓடைக்கரையைக் காடாகவே விடவேண்டும், எந்தச் சரிவில் உள்நாட்டு மரங்களை நடவேண்டும் என்பதை இத்தகைய ஆய்வே காட்டும்.

தமிழகத்தின் வால்பாறையிலும் இத்தகைய முயற்சியைக் காணலாம். அங்கு இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு சிதைந்த மழைக்காடுகளில் உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தி மூலமும் எச்சரிக்கை விளக்கு மூலமும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டையும் செய்தனர். காட்டை வளர்த்ததோடு நில்லாது, காட்டருகே வாழும் மனிதனின் உயிரையும் எண்ணினர் என்பதே அம்முயற்சியின் சிறப்பு.

நம் மலையகம் கற்கவேண்டிய பாடமும் இதுவே. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், நல்லதண்ணிப் பகுதியில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தும், சில நாட்களில் அது இறந்தது. அத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுபவை. சுருக்குக் கம்பிக்குக் கண் ஏது? பன்றியின் தொகையை மட்டுப்படுத்தும் சிறுத்தையையே அது கொன்றுவிடுகின்றது. சிறுத்தை அருகினால் பன்றிக்குப் பகையும் குறைகின்றது.

ஆயினும், சுருக்கு வைத்தவனை மட்டும் பழித்துப் பயனில்லை. லயத்தின் பின்னால் உள்ள சிறு துண்டு நிலத்தில் பயிரிட்ட கிழங்கைப் பன்றி ஒரே இரவில் கிளறிவிட்டால், அந்தக் குடும்பத்தின் இழப்பை ஈடுசெய்வார் யார்? விடியற்காலையில் மலைக்குச் செல்லும் பெண், செடிகளுக்கிடையே சிறுத்தை படுத்திருக்குமோ என்று அஞ்சுவதும் பொய்யச்சமன்று. தோட்ட நிருவாகமும் ஆராய்ச்சியாளரும் மட்டும் கூடிச் செய்யும் ஒப்பந்தம் இரண்டு காலில் நிற்கும் முக்காலியைப் போன்றது. மூன்றாவது கால் தொழிலாளியே.

பாத்திகளுக்கு உறுதியான வேலி வேண்டும். லயங்களில் வெளிச்சம் வேண்டும். நாய்களைத் தேடிச் சிறுத்தை வராதிருக்க அவற்றை இரவில் அடைத்து வைத்தல் வேண்டும். சிறுத்தை காணப்பட்ட மலையில் அன்று வேலை நிறுத்தப்படவும், அதனால் தொழிலாளியின் நாட்கூலி குறையாதிருக்கவும் வேண்டும். இவை செலவு மிகுந்தவை அல்ல. இவை கிடைத்தால், சுருக்கை அகற்றும் கையும் சிறுத்தையைக் கண்டதும் செய்தி சொல்லும் வாயும் தொழிலாளியுடையனவாகவே இருக்கும்.

யானையைச் சுட்ட காலத்தில் மலையின் எதிர்காலத்தைத் துப்பாக்கி ஏந்தியவரே முடிவு செய்தனர். இன்று அம்முடிவில் கொழுந்துக் கூடை சுமப்பவருக்கும் பங்கு கிடைக்குமாயின், சிறுத்தையும் பிழைக்கும்; மனிதரும் அச்சமின்றி வாழ்வர்.