எண்ணெய்த் தாளில் வந்த சிந்துபாத்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் படக்கதையைத் தேர்ந்தெடுத்ததற்கு என் அறைத்தோழர் அண்ணாச்சிதான் காரணம். துபாயின் தேராவில் எட்டுப் பேர் தங்கிய எங்கள் அறையில், வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாடு முடிந்ததும் அந்த வாரத்துப் பத்திரிகைகளைத் தரையில் விரிப்பார். எந்தப் படத்தொடர் முதலிடம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். “சிரிச்சது இருக்கட்டும். மறுநாள் வேலையில நெனப்பு வந்துச்சா?” என்று கேட்பார். அதைவிட நல்ல அளவுகோலை நான் இன்றுவரை காணவில்லை.

அபுதாபியில் 1979-இல் தொடங்கிய ‘மாஜித்’ சிறுவர் வார இதழ் எனக்கு மூன்றாமிடம். அதில் வரும் கஸ்லான் என்னும் மகா சோம்பேறியின் பேச்சுக் குமிழ்களை எழுத்துக்கூட்டித்தான் நான் அரபி படிக்கத் தொடங்கினேன்.

என் முதலிடம் ஹன்தலாவுக்கு. அது தொடர் அல்ல, ஒற்றைப் படம்தானே என்று அறையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. நாஜி அல் அலி என்ற பாலஸ்தீன ஓவியர் 1969-இல் குவைத்தின் அல் சியாசா நாளிதழில் வரைந்த வெறுங்கால் சிறுவன் அவன். வயது பத்து, ஓவியர் தம் மண்ணை விட்டு வெளியேறிய வயது அது. ஊர் திரும்பினால்தான் வளருவான் என்றார் அவர். 1973-க்குப் பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். 1987-இல் லண்டனில் ஓவியரைச் சுட்டுக் கொன்றார்கள். ஹன்தலாவுக்கு இன்னும் பத்து வயதுதான்.

அண்ணாச்சியின் முதலிடம் ‘கன்னித்தீவு’. 1960-இல் தொடங்கிய அந்தத் தினத்தந்தித் தொடர், ஊர்ப் பலகாரத்தைச் சுற்றிய தாளாகத்தான் எங்களிடம் வரும். இரண்டு மூன்று கட்டங்கள், முன்கதையும் இல்லை, பின்கதையும் இல்லை. ஆனாலும் யாருக்கும் கதை விட்டுப்போனதில்லை. கதைநாயகன் சிந்துபாத் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. அவ்வளவு தெரிந்தால் போதும். இழுத்துக்கொண்டே போகும் காரியத்தை ஊரில் கன்னித்தீவு என்று கேலி செய்வார்கள். எங்கள் அறையில் அந்தக் கேலி எடுபடவில்லை. ரெண்டு வருசத்தில் வந்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள் எல்லாரும்.

ஓமானின் சோஹார் நகரம் அந்தச் சிந்துபாத்தைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறது. சிந்துபாத்தின் வழியைப் பின்பற்றி, டிம் செவரின் என்ற கடல் பயணி 1980-இல் மஸ்கத்திலிருந்து சீனத்துக்கு ஓட்டிச்சென்ற ‘சோஹார்’ என்ற கப்பலில் பலகைகளை ஆணியால் அடிக்கவில்லை. தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். மஸ்கத்தில் சாலை வட்டமொன்றில் நிற்கும் அந்தக் கப்பலை அண்ணாச்சி வெயிலில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் நெல்லைப் பக்கத்துக் கயிறு மாதிரியே இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் அவர் மகள் ஒரு பழைய நிடோ டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே எண்ணெய்க் கறை படிந்த கன்னித்தீவுத் துண்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ‘1’ என்று எழுதியிருந்தது.