கழுவியவன் யார், பாய்ச்சுகிறவன் யார்?

(கோலார் தங்கவயலில் தலித் மாணவர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். நான் சாக்கடையைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையில் ஒரு தங்கை சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். நாம் பிறந்த லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே ஓடியதும் சாக்கடைதான்.

என் தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கினார். அப்பாவும் இறங்கினார். 2001இல் சுரங்கத்தை மூடியபோது எனக்குப் பத்து வயசு. அப்புறம் அப்பா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலை செய்துதான் என்னைப் படிக்க வைத்தார். இன்றும் நம் தெருக்களில் இருந்து ஆட்கள் அந்த ரயிலில்தான் போகிறார்கள். நாம் அங்கே போகிறோம். 2018இலிருந்து பெங்களூரின் கழிவுநீர் குழாய் வழியாகக் கோலாருக்கு வருகிறது. இந்தப் போக்குவரத்தைப் பற்றித்தான் பேச்சு.

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. பாலாறு இந்த வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குப் போகிறது, ஆனால் பெரும்பாலும் மணலாகத்தான் போகிறது. ஏரிகளை நம்பிய மாவட்டம் இது. ஏரிகள் தூர்ந்தன, ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. 1,200 அடி, 1,500 அடி என்று துளை போட்டார்கள். புழுதி வந்தது. தண்ணீர் வந்த இடத்தில் ஃபுளோரைடும் சேர்ந்து வந்தது.

அந்தப் பக்கம் பெங்களூர், சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து காவிரியை மேடேற்றிக் குடிக்கிறது. குடித்த தண்ணீரில் பெரும்பங்கு சாக்கடையாகிறது. அதைக் கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்து, நாளொன்றுக்குச் சுமார் 40 கோடி லிட்டர் என்று கணக்கிட்டு, கோலார் பக்கத்து ஏரிகளை நிரப்பும் திட்டத்துக்குத்தான் கே.சி. வேலி என்று பேர். முதலில் லட்சுமிசாகரா ஏரி, பிறகு ஒன்று வழிந்து ஒன்றாக நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள். இதேபோல் ஹெப்பாள் - நாகவாரா பள்ளத்தாக்கிலிருந்து சிக்கபள்ளாபூர் பக்கம் 65 ஏரிகளுக்கு. பாசனத் தேவை ஏறிக்கொண்டே போகிறது. 'எங்க ஏரிக்கும் விடு' என்று ஊர் ஊராகக் கேட்கிறார்கள். திட்டத்தை விரித்துக்கொண்டே போகிறார்கள்.

விரிக்கட்டும். நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி இல்லை. செத்துக் கிடந்த கிணறுகளில் ஈரம் வந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். என் கேள்வி வேறு. இந்தத் தண்ணீரைக் கழுவியது யார்? இதைப் பாய்ச்சுகிறவன் யார்?

முதல் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும். சுத்திகரிப்பு நிலையத்தில் இயந்திரம் ஓடுகிறது, சரி. அந்த நிலையம் வரைக்கும் சாக்கடை அடைக்காமல் வந்து சேருவது யாரால்? 2017 மார்ச்சில் பெங்களூர் கக்கதாசபுராவில் பாதாளச் சாக்கடைக் குழியில் மூன்று பேர் செத்தார்கள். 2018 ஜனவரியில், கோலாருக்குத் தண்ணீர் விடுவதற்கு ஐந்து மாதம் முன்பு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்புத் தொட்டியில் மூன்று பேர் செத்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம். 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைச் சாவுக்குப் 10 லட்சம் கொடு என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. உயிருக்கு விலை ஏறுகிறதே தவிர, இறங்குவது நிற்கவில்லை. இறங்குகிறவன் எந்தச் சாதி என்று எந்த நீதிபதியும் எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை.

தண்ணீர் வந்த புதிதில் ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள்? 'பெங்களூர் கக்கூஸ் தண்ணி, எங்களுக்கு வேணாம்.' 2018 ஜூலையில் லட்சுமிசாகரா ஏரியில் நுரை பொங்கியது. வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம் நிறுத்தியது, பிறகு விட்டது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தடை போட்டது, அதுவும் பிறகு நீங்கியது. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்திவிடுகிறார்கள், மூன்றாம் கட்டம் வேண்டும் என்பது வழக்குப் போட்டவர்களின் வாதம். நியாயமான வாதம். அந்த ஏரிக்கரை அடிபம்பில் தண்ணீர் பிடிப்பது யார், தக்காளித் தோட்டத்தில் கணுக்கால் சேற்றில் நின்று களை எடுப்பது யார் என்று யோசித்தால் இது நம்முடைய வாதமும்தான்.

அப்புறம் ஏரி நிரம்பியது. நான் ஓர் ஊரில் பார்த்தேன். முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி வைத்து ஏரிக்குப் பாகினா விட்டார்கள். கங்கம்மா வந்துவிட்டாள் என்று தேங்காய் உடைத்தார்கள். கக்கூஸ் தண்ணீர் பல கிலோமீட்டர் குழாயில் வந்து கங்கம்மாவாகிவிட்டது. சேரிக்காரன் 2,000 வருஷம் நடந்தும் மனுஷனாகவில்லை. அன்றைக்கு நம் ஆட்கள் கரையின் அந்தப் பக்கம் நின்று மேளம் அடித்தார்கள். தண்ணீரின் தீட்டுக் கழிந்தது. கழுவினவன் தீட்டு அப்படியே இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நான் இந்த மாவட்டத்தில் ஒரு கிராமத்து வங்கிக் கிளையில் குமாஸ்தா. பயிர்க்கடன் மேசை. ஏரி நிரம்பியபின் என் மேசைக்கு வரும் காகிதம் கூடிவிட்டது. புது மோட்டார், சொட்டுநீர்க் குழாய், தக்காளிக்கு, கேப்சிகத்துக்கு. விதிப்படி ஏரியிலிருந்து நேராக மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. ஏரி ஊற வேண்டும், கிணறு ஏற வேண்டும், கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். அப்படியானால் தண்ணீர் யாருக்கு? கிணறு வைத்திருப்பவனுக்கு. கிணறு யாருக்கு? நிலம் வைத்திருப்பவனுக்கு. பொதுப்பணத்தில் வரும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிய நிமிஷத்தில் தனிச்சொத்தாகிவிடுகிறது. யாரும் யாரையும் தடுக்கவில்லை, யாரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சாதி சத்தமில்லாமல் வேலை செய்துவிடுகிறது.

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். கன்னடத்தில் பேசினார், தமிழில் சொல்கிறேன்.

'சாமி, எனக்கும் ஒரு போர் போட லோன் வேணும்.'

'சாமின்னு கூப்பிடாதீங்க தாத்தா. நானும் உங்க ஆள்தான். பஹணி இருக்கா?'

'பஹணி ஏதுப்பா? எங்கப்பா அந்த ஏரிக்கு நீர்கண்டி. மதகு தொறக்கிறதும் மூடுறதும் நாங்கதான். ராத்திரியெல்லாம் வயல் வயலா தண்ணி கட்டிவிடுவோம். அறுப்புல நெல்லு குடுப்பாங்க. பொறம்போக்குல ரெண்டு ஏக்கர் முப்பது வருஷமா உழுறேன். பேப்பர் இல்ல.'

நீர்கண்டி என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாது. கோலார் ஏரிகளில் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற வேலை. பெரும்பாலும் தலித்துகள் செய்தது. எந்த வயலுக்கு எத்தனை நாழி என்று ஊரின் தண்ணீர்க் கணக்கு முழுவதும் அவர்கள் தலையில் இருந்தது. அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் அவர்கள் பேரில் இல்லை.

பஹணி இல்லாமல் கடன் இல்லை. அரசாங்கத்தின் கங்கா கல்யாண திட்டத்தில் தலித் விவசாயிக்கு இலவச ஆழ்குழாய்க் கிணறு உண்டு. அதற்கும் நிலம் பேரில் இருக்க வேண்டும். பெரியவரின் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்த கை இந்தக் கைதான். அதைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன்.

என்ன கேட்பது? மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. கர்நாடகத்தில் 2013இல் ஒரு சட்டம் வந்தது. மக்கள்தொகைக்கேற்ப தலித், பழங்குடிகளுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்க வேண்டும். கோலார் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு முப்பது பேர் பட்டியல் சாதியினர், மாநிலத்திலேயே அதிகம். பணத்துக்கு விகிதாசாரம் உண்டென்றால் தண்ணீருக்கு ஏன் இல்லை? நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். மகாராஷ்டிரத்தில் புணே மாவட்டம் நாய்காவ்ன் பக்கம் 1970களில் விலாஸ்ராவ் சாளுங்கே பானி பஞ்சாயத் நடத்தினார். தண்ணீரை நில அளவுக்குக் கொடுக்கவில்லை, குடும்பத்தில் எத்தனை தலை என்று எண்ணிக் கொடுத்தார்கள். நிலமில்லாதவனுக்கும் பங்கு உண்டு. தண்ணீர் குடிக்கும் கரும்புக்கு இடமில்லை. பங்குள்ள நிலமற்றவன் நிலக்காரனோடு சமமாக உட்கார்ந்து குத்தகை பேசலாம். இங்கே புது ஏரிகளைச் சேர்க்கும்போதே சேரிக்குப் பொதுக் கிணறு, பொது மோட்டார், அதில் எழுதி வைத்த பங்கு என்று கேட்போம்.

இரண்டு. நிலம். தலித்துகளுக்குக் கொடுத்த நிலம் கைமாறக் கூடாது என்று 1978இல் சட்டம் போட்டார்கள். பறிபோன நிலத்தைக் கேட்கக் காலக்கெடு கிடையாது என்று 2023இல் திருத்தினார்கள். தண்ணீர் வந்த ஊரில் நில விலை ஏறும். ஏறினால் முதலில் பறிபோவது நம் இரண்டு ஏக்கர்தான். மாணவர்களே, விடுமுறையில் தாலுகா ஆபீசுக்குப் போங்கள். ஏரிக்கரை ஊர்களில் யார் நிலம் யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். பஹணியைப் படிக்க நான் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதான்.

மூன்று. சாக்கடைக்குள் ஆள் இறங்காத தண்ணீர் வேண்டும். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு கேட்கும் விவசாயச் சங்கங்களோடு நாமும் நிற்போம். அவர்கள் நம்மோடு நின்று, 'குழியில் மனுஷன் இறங்கின தண்ணீர் எங்கள் வயலுக்கு வேண்டாம்' என்று சொல்வார்களா? கேட்டுப் பார்ப்போம். பதிலில் தெரிந்துவிடும், நம்மோடு வருகிறார்களா, தண்ணீருக்காக மட்டும் வருகிறார்களா என்று.

1927 மார்ச் 20இல் மகாட் குளத்தில் பாபாசாகேப் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். தாகத்துக்கா குடித்தார்? அந்தக் குளம் எனக்கும் சொந்தம் என்று சொல்லத்தான் குடித்தார். இங்கே நூறு குளம் நிரம்பிக் கிடக்கிறது. தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. பங்கு இல்லை என்று மட்டும் சொல்கிறார்கள், அதையும் காகிதத்தில் சொல்கிறார்கள்.

அந்தப் பெரியவர் போகும்போது ஒன்று கேட்டார். 'ஏம்ப்பா, மதகு சாவி இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. அத வச்சுக் கடன் குடுக்க மாட்டாங்களா?' நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சாவி நம்மிடம்தான் இருக்கிறது தோழர்களே. நாளைக்கு அந்த ஊருக்குப் போகிறேன். வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள்.

ஜெய்பீம்.