லீவு விட்டால் வீட்டில் யாருக்கு லீவு?

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)





எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு ‘விடுமுறைக் காலமும் இளம் குடும்பமும்’. 2004 டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வகுப்பு நாங்கள். எங்களை இன்னும் இளம் குடும்பம் என்று சொல்ல ஆளிருப்பதே பெரிய சந்தோஷம். மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்தப் பேச்சை ஐந்தாறு பேர் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து, பிள்ளைகளின் சண்டையை இடையிடையே விலக்கிக்கொண்டு, சேர்ந்துதான் எழுதினோம். அதனால் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

நம்முடைய முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் லீவு. பிள்ளைகளுக்கு லீவு, படிப்பிக்கிற எங்களில் சிலருக்கும் லீவு. வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் வைத்தியசாலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த மாதத்தில் ஒரு நாளைச் சொல்கிறோம், கேளுங்கள். மூன்றரை மணிக்கு எழும்பி ஸஹர் சாப்பாடு. ஒவ்வொரு பிள்ளையாகத் தட்டி எழுப்ப வேண்டும். கடைசிப் பிள்ளை நோன்பு பிடிக்கிற வயதில்லை, ஆனாலும் ஸஹருக்கு எழுப்பாவிட்டால் விடிந்ததும் அழும். சுபஹுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தால் அந்தக் கடைசிப் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு. பகலில் குர்ஆன் மதரசாவுக்கு ஒன்று, ரியூஷனுக்கு ஒன்று. அஸர் ஆகுமுன் கஞ்சி அடுப்பில் ஏற வேண்டும், சமூசா மடிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை அனுப்ப வேண்டும். நோன்பு துறந்து மஃரிப் தொழுதால் ராச் சாப்பாடு, தராவீஹ், பாத்திரம். கட்டாரில் இருக்கிற கணவர் வீடியோவில் வந்து, “இண்டைக்கு என்ன ஆக்கின?” என்று கேட்கும்போது பதினொரு மணி.

கடைசிப் பத்தில் இதோடு பெருநாள் வேலை சேரும். தையல்காரியிடம் நாலு தரம் நடை. கல்முனை பஸாரில் இரவு முழுக்கக் கடை திறந்திருக்கும், சப்பாத்து அளவு பார்க்கப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக வேண்டும். மருதமுனைச் சாரம் வாப்பாவுக்கு, மாமாவுக்கு. ஆளுக்குச் சுமார் இரண்டரைக் கிலோ வீதம் பித்ரா அரிசி அளந்து கட்ட வேண்டும். வீட்டைக் கழுவ வேண்டும். 29ஆம் நாள் இரவு, பிறை தெரிந்ததா இல்லையா என்று வானொலிக்குக் காது கொடுத்துக்கொண்டு, இறைச்சியை இப்போதே ஊறப்போடுவதா என்று தெரியாமல் நிற்போமே, அந்த நிலையை இந்த மண்டபத்தில் அறியாதவர் யாருமில்லை.

இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. எங்கள் உம்மாமாரும் இதைத்தானே செய்தார்கள், அவர்கள் ஏன் இவ்வளவு களைக்கவில்லை என்று நாங்கள் யோசித்தோம். அவர்களும் களைத்திருப்பார்கள், எங்களுக்குத்தான் தெரியவில்லை என்றாள் ஒருத்தி. அதுவும் உண்மை. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது.

நம் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் இங்கே வருவார். மூத்தவளுக்கு உம்மா தன் வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு வீடு கட்டிப் போவார். அடுத்தவளுக்கு அதுவும் போகும். இப்படியே ஒரு வேலிக்குள் உம்மா, உம்மம்மா, ராத்தா, சாச்சி என்று நாலைந்து குசினி. பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது பணியாரச் சட்டி ஒரு முற்றத்தில்தான் ஏறும். ஒருவர் மாக் குழைக்க, ஒருவர் அச்சைத் தோய்க்க, ஒருவர் எண்ணெய்க்குக் காவல். பிள்ளைகள் யாருடைய பிள்ளை என்று பார்க்காமல் யாராவது ஒருவர் சோறு தீத்திவிடுவார். எங்களை வளர்த்தது ஒரு உம்மா இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவேயில்லை.

அந்த வளவுகளில் பல கடற்கரையோரம் இருந்தன. கல்முனைக்குடிப் பிள்ளைகளுக்குக் கடல்தான் விளையாட்டு மைதானம். ஜமாதுல் ஆகிர் பிறையில் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பேரில் கொடியேறினால், 12 நாளும் எங்களுக்குப் பெருநாள்தான். வளையல் கடை, மஸ்கட் கடை, ஐஸ்பழம். (கொடியேற்றம் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. அதற்குள் நாங்கள் இன்றைக்குப் போகவில்லை.)

2004இல் நோன்புப் பெருநாள் நவம்பர் நடுவில் வந்தது. நோன்போடு பரீட்சைக்குப் படித்தோம். டிசம்பரில் எழுதி முடித்தோம். எங்கள் வாழ்க்கையிலேயே நீளமான லீவு அதுதான் என்று கணக்குப் போட்டோம். தையல் வகுப்புக்குப் போவதா, கம்பியூட்டர் வகுப்புக்குப் போவதா என்று பேசிக்கொண்டிருந்தோம். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை எட்டரை மணி தாண்டிக் கடல் வந்தது.

அதைப் பற்றி இந்தச் சபையில் விவரிக்கத் தேவையில்லை. உயிரிழப்பில் இந்த நாட்டிலேயே கூடுதலாகப் பாதிக்கப்பட்டது நம் அம்பாறை மாவட்டம். எங்கள் வகுப்புப் படத்தில் இருக்கிற சிலர் பெறுபேறு பார்க்க இல்லை. அதற்கு ஒரு மாதம்கூட ஆகுமுன், ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. எங்களில் மூன்று பேர் அந்தப் பெருநாளை அகதிகள் தங்கியிருந்த வகுப்பறையில் கொண்டாடினோம். ‘கொண்டாடினோம்’ என்று எழுதிவிட்டு, அழித்துவிட்டு, திரும்பவும் அதையே எழுதினோம். ஏனென்றால் உள்ளூர்ப் பக்கமிருந்து ஒரு லொறியில் இறைச்சி வந்தது, யாரோ ஒரு பெரியம்மா அடுப்பு மூட்டினார், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டார். அவர் யாரென்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு வீடுகள் வந்தன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற விதி வந்து, பின்னர் தளர்ந்தது. அதற்கிடையில் ஆட்கள் சிதறிவிட்டார்கள். இஸ்லாமாபாத், கிறீன்பீல்ட், மருதமுனையின் 65 மீற்றர் வீட்டுத் திட்டம், சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம். கூரை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு வேலிக்குள் இருந்த நாலு குசினி ஒரே இடத்தில் திரும்பக் கிடைக்கவில்லை. ராத்தா ஒரு திட்டத்தில், சாச்சி இன்னொன்றில். உம்மாவை இழந்தவளுக்குப் பின்வீடும் இல்லை. எங்கள் வயதுத் தாய்மார் ஏன் தனியாக நோன்பு மாதத்தைச் சுமக்கிறோம் என்பதற்கு அதுதான் பதில். சோம்பல் இல்லை, மூத்த ராத்தாமாரே.

எங்களில் ஒருத்தி உம்மாவையும் மூத்த ராத்தாவையும் ஒரே காலையில் இழந்தவள். அவள் வட்டிலப்பம் வருடா வருடம் பிழைத்தது. ஒரு வருடம் தண்ணீர் விட்டது, ஒரு வருடம் கல்லாகிவிட்டது. புத்தகத்தில் பார்த்தாள், யூடியூபில் பார்த்தாள். அளவு சரிதான், பத்து முட்டைக்கு அரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, முதல் பால், ஏலக்காய். ஆனாலும் உம்மா அவித்ததில் இருந்த சிறு சிறு கண் விழவில்லை. மாமியாரிடம் கேட்க மனமில்லை. பெருநாள் பகலில் பணியாரப் பெட்டியோடு மாமியார் வீட்டுக்குப் போவதும் வருவதும்தான், குசினிக்குள் போகிற பழக்கம் இல்லை. ஒரு தடவை அவள் கொண்டுபோன வட்டிலப்பத்தை மாமி ருசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நோன்பு 28இல் ஓட்டோவில் வந்து இறங்கினார். “புள்ள, மூடியிலிருந்து வேர்த்துத் தண்ணி உள்ளுக்கு விழுது. மூடியைத் துணியால கட்டு, அடுப்பைத் தணி. உன்ட உம்மாவும் இப்படித்தான் கட்டுவா, நான் பாத்திருக்கன்.” அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது இப்போதும் அவளுக்குக் குரல் அடைக்கும். பதினைந்து வருடம் ஒரே ஊரில் இருந்தும், தன் உம்மாவின் குசினியைப் பார்த்த ஒருவர் மாமி வீட்டில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இனி 2022. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு. கேஸ் சிலிண்டர் கிடையாது, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எங்களில் ஒருத்தியின் வீட்டில் மட்டும் பின்பக்கம் விறகடுப்பு மிஞ்சியிருந்தது. முதலில் இரண்டு பேர் கஞ்சிச் சட்டியோடு போனோம். ஒரு கிழமையில் ஐந்து பேர். ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிப் பிரித்துக்கொண்டோம். தேங்காய் துருவ ஆண்பிள்ளைகளை இருத்தினோம். துருவலைத் தின்னாமல் துருவ இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறோம். லீவில் நின்ற கணவன்மார் விறகு கொத்தினார்கள், பாத்திரம் கழுவினார்கள். அதில் ஒருவர் தன் உம்மா வருகிற நேரம் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிவிடுவார். அவ்வளவு கஷ்டமான வருடத்தில் எங்களுக்கு மத்தியானம் ஒரு மணித்தியாலம் தூங்கக் கிடைத்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

கேஸ் வந்த பிறகும் நாங்கள் அதை விடவில்லை. கிழமையில் மூன்று நாள் கஞ்சி ஒரு வீட்டில். முறை வைத்து மாறும். பொரித்த சாமான் இரண்டுக்கு மேல் இல்லை. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு உடுப்பு, இரண்டாவது இல்லை. நோன்பு துறக்கிற மேசையைப் படமெடுத்துக் குழுவில் போடுவதில்லை. இந்தக் கடைசி விதிக்குத்தான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது, ஒருத்தி இரண்டு நாள் குழுவை விட்டே போனாள். ஆனால் வெறும் கஞ்சியோடு துறக்கிற ஒருத்தியும் அதே குழுவில் இருந்தாள், நாங்கள் அறிந்திருக்கவில்லை. அறிந்த பிறகு சண்டை தானாக ஓய்ந்தது.

டிசம்பர் லீவு இன்னும் எங்களுக்குச் சுலபமில்லை. பிள்ளைகள் கடலுக்குக் கூட்டிப்போகச் சொல்லும். 26ஆம் திகதிக்கு முந்திய கிழமையில் எங்களில் சிலரால் முடியாது. முடிந்தவர்கள் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போகிறார்கள், முடியாதவர்கள் வீட்டில் இருந்து சோறு ஆக்குகிறார்கள். போன டிசம்பரில் ஒரு மகள் கேட்டாள், “உம்மா, நீங்க ஏன் கடலைப் பாக்க வாற இல்ல?” அவளுக்கு அன்று முதல் தடவையாக உம்மம்மாவின் பெயரைச் சொல்லி, எந்த இடத்தில் வீடு இருந்தது என்று காட்ட அவளோடு போனோம். எல்லோரும்தான் போனோம்.

நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. பிறைக் கணக்குப்படி 2030இல் இரண்டு நோன்பு. ஒன்று ஜனவரியில், மற்றது டிசம்பர் 26ஐ ஒட்டித் தொடங்கும். எங்கள் மூத்த பிள்ளைகள் அப்போது சாதாரண தரப் பரீட்சை வயதில் இருப்பார்கள். அந்த முதல் நோன்புக்குக் கஞ்சி எங்கே காய்ச்சுவது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். கடற்கரைக்குக் கிட்ட, எங்களில் ஒருத்தியின் பழைய வளவில். சுவர் இல்லை, கிணறு இருக்கிறது. பெரிய பானை ஒன்று தேவை. சங்கத்தின் களஞ்சியத்தில் ஒன்று கிடக்கிறதாம் என்று கேள்வி. தலைவி அவர்கள் தருவார்களென்றால் இப்போதே கேட்டு வைக்கிறோம்.