சாதி என்கிற கட்டம் எந்த மாடியில் இருக்க வேண்டும்?

(பூந்தமல்லியில் கல்லூரி மாணவர்களுக்காக நடந்த வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எம்.பி.ஏ., பி.பி.ஏ., எம்.சி.ஏ., பி.காம். என்று இங்கே பல படிப்புகளைப் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். எல்லாருக்கும் ஏதோ ஒரு செமஸ்டரில் ஒரு தாள் வந்திருக்கும், அல்லது வரப்போகிறது: மேலாண்மைத் தகவல் அமைப்பு, சுருக்கமாக எம்.ஐ.எஸ். 'தரவுக்கும் தகவலுக்கும் என்ன வேறுபாடு' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வரும். முக்கோணம் ஒன்றை வரைந்து பாகம் குறித்தால் பத்து மதிப்பெண். அதோடு மறந்துவிடுவோம். பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ திருப்பெரும்புதூர் பக்கமோ 'எம்.ஐ.எஸ். எக்சிகியூட்டிவ்' என்று ஒரு வேலை கிடைக்கும். காலை ஒன்பது மணிக்கு எக்செல் கோப்பைத் திறந்து, நேற்றைய உற்பத்தியையும் வராத ஆட்களையும் நிரப்பி, மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவதுதான் அந்த வேலை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். யாரோ வடிவமைத்த கட்டங்களை நிரப்புகிறோம். அந்தக் கட்டங்களை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி பாடத்திட்டத்திலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை. நான் ஆய்வு மாணவனாக இந்தத் துறையில் இருப்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

நீங்கள் தேர்வுக்கு வரைகிற அந்த முக்கோணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஹார்வர்டில் இருந்த ராபர்ட் ஆந்தனி 1965-இல் நிறுவன வேலைகளை மூன்று அடுக்காகப் பிரித்தார். கீழே அன்றாட நடவடிக்கை: வருகைப் பதிவு, கூலிப் பட்டியல், ரசீது. நடுவே கண்காணிப்பு. மேலே திட்டமிடலும் கொள்கையும். 1960களின் பிற்பகுதியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் போன்றவர்கள் எம்.ஐ.எஸ்.ஸைத் தனித்துறையாக வளர்த்தபோது, இந்த அடுக்குகள்தான் அடித்தளமாக நின்றன. பாடப்புத்தகம் அடிப்படையாகச் சொல்வது இதுதான்: கீழ்த்தளத்துக்கு வேண்டிய விவரம் வேறு, மேல்தளத்துக்கு வேண்டிய விவரம் வேறு. கூலி கொடுக்கிறவருக்குத் தொழிலாளி எத்தனை நாள் வந்தார் என்று தெரிந்தால் போதும். திட்டம் போடுகிறவருக்கு யார் யார் எவ்வளவு பெற்றார்கள் என்ற கூட்டுத்தொகை வேண்டும்.

இந்த முக்கோணத்தை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். சாதி என்கிற கட்டம் எந்த மாடியில் இருக்க வேண்டும், இப்போது எந்த மாடியில் இருக்கிறது?

நூறு நாள் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 மார்ச்சில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. 2021-22 நிதியாண்டு முதல் கூலியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்து அனுப்ப வேண்டும் என்றது. அதுவரை ஒரு வேலைத்தளத்துக்கு ஒரே நிதிப் பரிமாற்ற ஆணை. ஒரே ஏரியில் இருபது பேர் மண் வெட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவுறுத்தலுக்குப் பிறகு ஆறு பேருக்கு ஓர் ஆணை, இரண்டு பேருக்கு ஓர் ஆணை, மீதிப் பன்னிரண்டு பேருக்கு ஓர் ஆணை. மூன்று கணக்கிலிருந்து மூன்று நாளில் பணம் வரும். 'அவங்களுக்கு மட்டும் வந்துடுச்சாமே' என்ற பேச்சு வேலைத்தளத்திலேயே எழும். பல மாநிலங்களில் எழுந்தது. விவசாயத் தொழிலாளர் அமைப்புகள் எதிர்த்தன. அந்த ஆண்டு இறுதிக்குள் அரசு பின்வாங்கியது.

அரசு சொன்ன காரணம், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கில் காட்ட வேண்டும் என்பது. காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் திட்டத்தின் தகவல் அமைப்பில், வேலை அட்டை கொடுக்கும்போதே சமூகப் பிரிவு பதிவாகியிருந்தது. மொத்த வேலைநாட்களில் பட்டியல் சாதியினர் பங்கு எத்தனை விழுக்காடு என்று அதன் இணையதளமே ஆண்டுதோறும் காட்டியது. உங்களில் எஸ்.க்யூ.எல். படித்தவர்களுக்குத் தெரியும், 'குரூப் பை' என்று ஒரு வரி எழுதினால் கிடைக்கிற விடை அது. அதற்காகக் கூலியைப் பிரிக்க வேண்டியதில்லை. மேல்மாடிக்கு வேண்டிய ஒரு கூட்டுத்தொகைக்காகக் கீழ்மாடியில் மண் வெட்டுகிறவர்களைச் சாதிவாரியாக வரிசையில் நிறுத்தினார்கள். எம்.ஐ.எஸ். தாளில் இதை எழுதினால் மதிப்பெண் போயிருக்கும்.

பள்ளிக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும், அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரையைத்தான் தொலைக்காட்சியில் விவாதித்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி பற்றிய கட்டமோ விவரமோ இருக்கக் கூடாது. உதவித்தொகை பற்றி வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லாமல், தலைமை ஆசிரியர் தன் அறையில் தனியாகச் சொல்ல வேண்டும். 'எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க' என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பரிந்துரையின் எடை தெரியும். தகவல் அமைப்பின் மொழியில் சொன்னால், வகுப்பாசிரியர் என்ற பயனருக்கு அந்தக் கட்டத்தைப் பார்க்கிற அனுமதி தேவையில்லை. எமிஸில் அது இருக்கட்டும், உதவித்தொகை கணக்கிட அது வேண்டும். வகுப்பறை மேசையில் இருக்கத் தேவையில்லை.

இப்போது மேல்மாடி. சாதிக் கட்டம் கட்டாயம் இருக்க வேண்டிய இடம் அது. அங்கே பெரும்பாலும் காலியாகவோ குழப்பமாகவோ இருக்கிறது.

2011-இல் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு நடந்தது. சாதி விவரம் வெளிவரவில்லை. 2021 செப்டம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு காரணம் சொன்னது: 1931 கணக்கெடுப்பில் 4,147 சாதிகள், இதிலோ 46 லட்சத்துக்கும் மேல், ஆகவே பிழை மலிந்தது, பயன்படாது. நாட்டில் 46 லட்சம் சாதிகள் கிடையாது. முன்கூட்டியே சாதிப் பெயர்களின் பட்டியலையும் குறியீட்டையும் தயாரிக்காமல் கணக்கெடுப்பாளரிடம் ஒரு வெற்றுக் கட்டத்தைக் கொடுத்தால், உட்பிரிவு, குலம், பட்டப்பெயர், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனிச் சாதியாக நிற்கும். முதலாண்டு மாணவர் புராஜெக்டில் 'ஊர்' என்ற கட்டத்தைத் திறந்து விட்டால் பூந்தமல்லி, பூவிருந்தவல்லி, பூனமல்லி என்று மூன்று ஊர் வருவதைப் போல. இது வடிவமைப்பின் குறை. அதைக் காட்டி, சாதியை எண்ணவே முடியாது என்று பல ஆண்டுகள் வாதிட்டார்கள்.

பீகார் அரசு தன் கணக்கெடுப்பில் சாதிகளுக்குக் குறியீட்டு எண் கொடுத்தது. 2023 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. அதிலும் கோளாறு இருந்தது, திருநர்களை ஒரு சாதியாக வைத்து 22 என்று எண் கொடுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. பட்டியல் தயாரித்த மேசையில் ஒரு திருநர் உட்கார்ந்திருந்தால் அந்த எண் வந்திருக்குமா? இதே ஊரில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. நம் அரசு இணையதளங்கள் பலவற்றில் 'படத்தில் தெரியும் எழுத்தைத் தட்டச்சு செய்க' என்று ஒரு கட்டம் வரும். அதை வைத்தவர் மனதில் அந்தப் பள்ளி மாணவர் இல்லை.

எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு சான்று. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வோரை 'நமஸ்தே' திட்டத்தில் பதிவு செய்தார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி சரிபார்க்கப்பட்ட 54,574 பேரில் 37,060 பேர் பட்டியல் சாதியினர், 4,536 பேர் பழங்குடியினர். 'வேலைக்கு ஏது சாதி' என்கிறவர்களிடம் காட்ட வேறு எதுவும் வேண்டாம். ஆனால் அதே அமைச்சகம்தான் 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று மாநிலங்களவையில் சொன்னது. சாக்கடையில் இறந்தவர்கள் 'ஆபத்தான துப்புரவு' என்ற வேறு தலைப்பில் பதிவானார்கள். கட்டத்தின் பெயர் மாறினால் சாவும் கணக்கிலிருந்து மாறிவிடுகிறது.

பணத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அரசு வரவுசெலவுக் கணக்கில் 789 என்ற சிறுதலைப்பு பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டத்தைக் குறிக்கும். ஊருக்கே பொதுவான ஒரு செலவில் ஒரு பங்கை 789-இல் எழுதிவிட்டால், காகிதத்தில் சேரிக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை உறுதி செய்யத் தமிழ்நாடு 2024-இல் சட்டமே இயற்றியது. 789-இல் எழுதிய ஒவ்வொரு ரூபாயும் எந்தத் தெருவில் என்னவானது என்று காட்டுகிற அறிக்கை இல்லாமல் அந்தச் சட்டத்தை யார் சோதிப்பது?

உங்களில் பலருக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கியது அது. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. மாநிலம் தன் பங்கை முதலில் போட வேண்டும், பிறகே ஒன்றியத்தின் பங்கு மாணவர் கணக்குக்கு வரும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு எல்லாம் பொருந்த வேண்டும். நம் பெயரில் முன்னெழுத்து ஒரு சிக்கல். சான்றிதழில் 'மு.' என்று இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். கணினி இரண்டு ஆட்கள் என்று நினைக்கும். அல்லது எப்போதோ அம்மா சொல்லித் தொடங்கிய வேறொரு கணக்கில் ஆதார் இணைந்திருக்கும், பணம் அங்கே போய் உட்காரும்.

இணையதளத்தின் அறிக்கையில் விண்ணப்பித்தோர், சரிபார்க்கப்பட்டோர், ஒப்பளிக்கப்பட்டோர் என்று எண்கள் இருக்கும். மூன்று முறை இ-சேவை மையத்துக்கு நடந்து, அரைநாள் கூலியை இழந்து, 'வேணாம், வட்டிக்கு வாங்கிக்கலாம்' என்று நிறுத்தியவருக்கு அதில் கட்டம் இல்லை. அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்றுதான் கணினி சொல்லும். பணம் வருவதற்குள் கல்லூரி கட்டணம் கேட்டு நெருக்கியதற்கும் கட்டம் இல்லை. 'தேவை குறைந்துவிட்டது' என்று மேல்மாடியில் ஓர் அதிகாரி அந்த அறிக்கையைப் படித்தால், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்த தாள் அப்படி.

இந்தத் துறையைப் படியுங்கள் என்று நான் சொல்வது, எக்செல் வேலைக்கு மேல் ஒரு படி ஏறுவதற்காக மட்டும் இல்லை. அந்த வேலையும் வேண்டும், வீட்டு வாடகை கட்ட வேண்டும். ஆனால் அமைப்புப் பகுப்பாய்வு, தரவுத்தள வடிவமைப்பு, அனுமதி நிலைகள் ஆகிய பாடங்களைத் தூங்காமல் கேளுங்கள். முனைவர் பட்டம் வரை போங்கள். வழி இல்லையா என்றால் இருக்கிறது, இடஒதுக்கீடு சட்டப்படி இருக்கிறது. பெரிய மேலாண்மை நிறுவனங்களில் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எத்தனை பட்டியல் சாதி, பழங்குடிப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை அங்கே பெரும்பாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோ நாடாளுமன்றக் கேள்வி மூலமாகவோதான் அறிகிறோம். தகவல் அமைப்பைப் பாடமாக நடத்துகிற இடங்களிலும் இதே கதை என்பதைக் கவனியுங்கள்.

காலம் நெருங்குகிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரங்களுக்கான குழு முடிவெடுத்தது. கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இந்தமுறை சாதிப் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள், உட்பிரிவுகளை எங்கே சேர்க்கிறார்கள், மதம் மாறிய தலித்துகள் எந்தக் கட்டத்தில் வருவார்கள், தனிமனிதர் விவரத்தைக் கீழ்மட்டத்தில் யார் பார்க்கலாம், கூட்டுத்தொகையை எந்த அளவு வரை வெளியிடுவார்கள் என்று நாம் கேட்க வேண்டும். உள் ஒதுக்கீட்டுக்கும் இது தேவை. 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உட்பிரிவை அனுமதித்தது, அதற்குத் தரவு காட்ட வேண்டும் என்றும் சொன்னது. அருந்ததியருக்கு 2009-இல் தமிழ்நாடு கொடுத்த 3 விழுக்காட்டைக் காப்பதற்கும் எண்கள் வேண்டும்.

ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அடுத்த செமஸ்டர் எம்.ஐ.எஸ். புராஜெக்டுக்குச் சூப்பர் மார்க்கெட் பில்லிங், நூலக மேலாண்மை என்று பழையதையே எடுக்காதீர்கள். உங்கள் கல்லூரியிலேயே இருபது பேரைப் பாருங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கி எந்தப் படியில் நின்றார்கள், எத்தனை நாள் போனது, எவ்வளவு செலவானது என்று பெயரில்லாமல் பதிவு செய்யுங்கள். அந்தப் படிகளை வைத்துத் தரவுப் பாய்வு வரைபடம் போடுங்கள். மாதிரிப் படிவம் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். இப்போது கேள்விகளுக்குப் போவோம்.