கண் எனும் அமானிதம்
(ஜமாஅத் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பார்வை, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகும். பெரும்பாலும் கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா நோய், வலி ஏதுமின்றியே அதனைப் பறித்து விடுகின்றது. இழந்த பார்வை மீள்வதில்லை. எஞ்சியதைக் காக்கவே மருத்துவர் சொட்டு மருந்து எழுதித் தருகின்றார்.

ரமழான் வந்ததும், நோன்பு முறிந்துவிடுமோ என்றஞ்சி அம்மருந்தை நிறுத்திவிடும் பெரியவர்களைக் கண்டு நாம் வருந்துகின்றோம். கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது. தொண்டையில் அதன் கசப்புத் தட்டினாலும் முறியாது. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டிலும் சட்டம் இதுவே.

அதே வேளையில், பிறருக்கு எழுதிய மருந்தை வாங்கி விட்டுக் கொள்வதும் தகாது. கண்ணில் விட்ட துளி மூக்கின் வழியே இறங்கி இரத்தத்தில் கலக்கின்றது. டிமோலால் என்னும் மருந்து ஆஸ்துமா உடையவருக்கு மூச்சுத் திணறலையும், இதயத் துடிப்புக் குறைந்தவருக்கு ஆபத்தையும் விளைவிக்கலாம். நீரிழிவு உடையவருக்குச் சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகளை மறைக்கலாம். ஆகவே இந்நோய்கள், ஒவ்வாமை, கர்ப்பம், பாலூட்டல், உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் முன்னரே கூறிவிட வேண்டும்.

கைகளைக் கழுவி, ஒரு துளி விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை 2 நிமிடம் மெல்ல அழுத்திக் கொள்க. மற்றொரு மருந்திற்கு 5 நிமிட இடைவெளி தேவை. குப்பியின் முனை கண்ணில் படலாகாது.

மருந்தை நாடுவது தவக்குலுக்கு முரணன்று. வல்ல நாயன் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாப்பானாக! ஆமீன்.