அடிக்கடி நின்றுபோகும் மடிக்கணினி



பாடம் நடத்தும்போது பணிப்பட்டை மறைந்து மறைந்து வருகிறதா? 'விண்டோஸ் எக்ஸ்புளோரர்' என்ற செயல்முறை விழுந்து எழுகிறது. உடனே 'ஃபார்மட் போடுங்கள்' என்பார்கள். அவசரப்படாதீர்கள். மதிப்பெண் பட்டியலும் நீங்கள் தயாரித்த பாடக் காணொலிகளும் அழிந்துபோகலாம். கோளாறு வன்பொருளில் இருந்தால் அதுவும் தீராது.

முதலில் கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுங்கள். பிறகு விண்டோஸ் தேடலில் 'ரிலையபிலிட்டி' என ஆங்கிலத்தில் தட்டி, வரும் வரலாற்றைத் திறங்கள். செயலி நின்ற நாள்களில் சிவப்புக் குறி இருக்கும். அதன் விவரத்தில் 'ஃபால்ட் மாட்யூல்' என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் முக்கியமான துப்பு.

ஒவ்வொரு முறையும் அதே பெயரா? பெரும்பாலும் புதிதாக நிறுவிய மென்பொருளின் வேலை. வலது கிளிக் பட்டியலில் தன்னை நுழைத்துக்கொள்ளும் இலவச மென்பொருள்கள் இதில் பெயர்போனவை. எந்த நாளில் எதை நிறுவினோம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். அதை நீக்கிப் பாருங்கள். 'என்டிடிஎல்எல்' என்று வந்தால் மட்டும் அதையே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அது விண்டோஸின் சொந்தக் கோப்பு. பிறர் செய்த பிழையும் அதன் பெயரில் பதிவாகும்.

பெயர் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' சோதனைக்குக் கணினி மறுதொடக்கமாகும், நேரமும் பிடிக்கும். மாலை மணி அடித்தபின் ஓடவிடுங்கள். பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க நேர்ந்தால், குறித்துவைத்த பெயரையும் தேதியையும் சேர்த்தே கொடுங்கள்.