கானாவும் கடற்கரை விடுதியும்



"கோவளத்துக் கடற்கரை விடுதியில் கல்யாணம் வைக்கலாமா?" என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். மணமக்களில் ஒருவரது பங்கில் திருமணம் நடைபெற வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1115. உரிய அனுமதியுடன் வேறு பங்கிலும் நடத்தலாம். விடுதி போன்ற இடம் என்றால் ஆயரின் அனுமதி தேவை.

இந்தச் சட்டத்துக்குள் அன்பு இருக்கிறது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கக் கேட்டு, மணமக்களுக்காகச் செபிக்கும் ஊரே திருமணத்திற்குச் சாட்சி. கானாவில் திராட்சை இரசம் தீர்ந்ததை அன்னை மரியா கவனித்தார். புதிய இரசம் எங்கிருந்து வந்தது என்பது தண்ணீர் மொண்ட பணியாளருக்கே தெரிந்தது.

நடக்க இயலாத பாட்டியும், ரப்பர் பால் வெட்டும் அயல்வீட்டுக்காரரும் கோவளத்துக்கு வர முடியுமா? அவர்கள் பெயரை முதலில் எழுதுவோம். பிறகு இடத்தை முடிவு செய்வோம். ஆமென்.